பதினோராவது போத்தல்

மழை விட்ட விடியலில்
யங் என்னும் இந்த ஊரின் தோட்டங்கள் மேல்
ஹெலிகொப்டர் தாழப் பறந்து
செரி மரங்களுக்குத் தலை துவட்டியது.
தப்பியது பாதிதான்.
வெடித்த பழம் கடைக்குப் போகாது;
வாளி ஐந்து டொலர் என்று
படலையில் அட்டை தொங்கவிட்டான் டாரன்.

மூன்று வாளி வாங்கிவந்தார் தயாபரன்.
இரவு வேலை முடிந்து வந்த கண்ணோடு
"ஆர் தின்னுறது இவ்வளவையும்?" என்றேன்.
பதில் இல்லை.
என் கொண்டை ஊசியொன்றை நிமிர்த்தி
கொட்டை எடுக்கத் தொடங்கியிருந்தார்.
சிட்னிக்கு மாறுவதா இல்லையா என்ற
நேற்றைய சண்டை
அடுப்படியில் அப்படியே கிடந்தது.

கை சிவந்தது, மேசை சிவந்தது,
என் தாதி உடுப்பின் விளிம்பும்.
சீனி உருகி, எலுமிச்சை விழுந்து,
நுரை பொங்கிப் பொங்கி அடங்கியபோது
குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் கோடிழுத்தார்.
கோடு மூடவில்லை. பதம்.

கொதிநீரில் மூழ்கி எழுந்த போத்தல்கள்
துவாயின் மேல் ஆற ஆற
மூடிகள் உள்வாங்கி, டிக்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவசரமாய் மூன்று.
படுக்கப் போனவள்
கதவடியில் நின்று எண்ணினேன்:
பத்து.

பதினொன்று பேசவில்லை.
பெருவிரலால் அழுத்தினால்
மேலும் கீழும் துள்ளியது மூடி.
"இது வைக்க ஏலாது," என்றார்,
காலையிலிருந்து முதற் சொல்லாய்.

பாண் வெட்டினேன்.
சூடாகவே, நின்றபடியே தின்றோம்.
அவர் பல்லில் ஏதோ
டிக் என்றது.
"கவனமாத்தான் எடுத்தனான்," என்றார்
கொட்டையை உள்ளங்கையில் துப்பி.