காலடியில் ஒரு இரண்டு

ஓசூர் சிப்காட், இரவு ஷிப்ட்.
சிவப்பு சிலிண்டர்களுக்கு வந்த
இருநூற்று நாற்பது லேபிளிலும் பிழை:
எச்சுக்கு முன்னால், அதே உயரத்தில், 2.

"எல்லாத்தையும் உரிங்க" என்றார் திம்மராஜ்.
"ரெண்டு இருக்குல்ல சார், எங்க இருந்தா என்ன?"
கேட்டது போன வாரம் சேர்ந்த நஸ்ரீன்.

முன்னால் நின்றால் அது வெறும் எண்ணிக்கை.
ஒரு எச், இன்னொரு எச்,
பாகலூர் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல்.
காலடியில் சின்னதாய் உட்கார்ந்தால்
ஹைட்ரஜன் மூலக்கூறு:
ஆளுக்கு ஒன்றாய் வைத்திருந்த எலக்ட்ரானை
நடுவில் போட்டுவிட்டார்கள்.
இனி எது யாருடையது என்று
கேட்க வழியில்லை.

இதை நஸ்ரீனிடம் சொல்லவில்லை.
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.
பசை மட்டும் போகவே இல்லை.

ஆறே முக்காலுக்கு வீடு.
அவர் பகல் ஷிப்டுக்குப் போயாயிற்று.
ஆள் கணக்கெடுக்க வந்தவர்
கதவில் சாக்பீஸால் எழுதிய 2
இன்னும் அழியவில்லை, பெரிதாக.

அடுப்பு மேடையில்
தட்டு போட்டு மூடிய டம்ளர், பாதி டீ.
அவர் குடித்து மீந்ததா,
எனக்கென்று வைத்ததா?
சூடு இருந்தது. குடித்தேன்.