வரிசை எண் 212

கொருக்குப்பேட்டை வட்டார வரலாற்றுக் கழகத்தில்
நாங்கள் ஏழு பேர்.
ஒருவர் துபாயில். சந்தா மட்டும் வரும்,
மாதம் ஐம்பது ரூபாய்.
நான் பொருளாளர். அதனால்
எதையும் தொகையிலிருந்துதான் தொடங்குவேன்.

கடப்பைக் கல் ஒன்று: அறுநூற்று நாற்பது.
ஏற்றிவந்த கூலியை யுவராஜ் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.
கல் எதற்கு என்றால்,
பாஷா பாயின் கறிக்கடை வாசலில்
கால்வாய்மேல் கவிழ்ந்து கிடந்த பலகைக் கல்லை
எடுத்துக்கொண்டு
அதே அளவில் வேறொன்று போடுவதாக
எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.
"உங்க சரித்திரத்துல என் கஸ்டமர் கால் மாட்டக் கூடாது"
என்றார் பாய். நியாயம்தான்.

ஆட்டோ ஜாக்கி கொடுத்துப் புரட்டினோம்.
அடிப்பக்கம் சேறு, சிமெண்டு, ஒரு பூரான்,
அப்புறம் எழுத்து.

ரயில்வேயில் கார்டாக இருந்த தாவீது ரத்தினம்
சிவப்புக்கொடி பிடித்தவர்போல் கையைத் தூக்கி
எல்லோரையும் நிறுத்தினார்.
"புள்ளி இல்லை பாருங்கள்.
மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத காலம்."
பத்மாசனி விரலால் தடவி, "கு... ட..." என்றார்.
"குடவோலை!" என்றார் தலைவர் ஏகாம்பரம்.
அன்றைக்கு டீ அவர் செலவு.
கணக்கு நோட்டில் அப்படி ஒரு வரி
அதற்கு முன் கிடையாது.

மூன்று ஞாயிறு.
பழைய டூத்பிரஷ் பதினொன்று. மூங்கில் குச்சி.
இரும்பு படக்கூடாது என்பது பத்மாசனியின் சட்டம்.
மயிலாப்பூர்ப் பக்கம் சங்கம் வைத்தால்
ஏசி அறையும் சமோசாவும் உண்டாம்.
எங்களுக்கு மெகருன்னிசாவின் ஜெராக்ஸ் கடை மாடி.
கல்லோ மாடி ஏறாது. படிக்கடியில்,
அவருடைய குடங்களுக்குப் பக்கத்தில் கிடத்தி
முறை வைத்துக் குனிந்தோம்.

இரண்டாம் ஞாயிறு சிமெண்டு பெயர்ந்தது.
முதலில் ஒரு புள்ளி.
தாவீது கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
பிறகு இன்னொன்று.
ஒவ்வொரு புள்ளிக்கும்
நூறு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.
சோழர் போனார்கள், நாயக்கர் போனார்கள்,
கும்பினிக்காரன்
கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாம் ஞாயிறு
ஈரத்தாளைப் பரப்பி, பிரஷால் தட்டித் தட்டி
பள்ளங்களில் உட்காரவைத்து
மை ஒற்றினோம்.
தாள் முழுக்கக் கறுத்தது.
எழுத்து மட்டும் வெள்ளையாய் நின்றது,
லகர ஐகாரம் பழைய தும்பிக்கையோடு:

குழாய் மாலை 4 மணிக்குத் திறக்கப்படும்
ஆளுக்குக் குடம் ஒன்று

யுவராஜ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.
சிரிப்புச் சத்தம் தெருவிலிருந்து வந்தது.
கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றார் ஏகாம்பரம்.
கடப்பை பதித்தாயிற்று, ரசீது இருக்கிறது என்றேன்.
"பதிவேட்டுல ஏத்துங்க" என்று எழுந்தார் மெகருன்னிசா.
மணி மூன்று ஐம்பது.
சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு
இரண்டு பச்சைக் குடங்களைத் தூக்கினார்.
மை படிந்த விரலோடு பத்மாசனி ஒன்றை வாங்கிக்கொண்டார்.
லாரி ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்குத்தான்.
தெருமுனையில்
ஆட்கள் வருமுன்னே குடங்கள் வந்து
இடம் போட்டிருந்தன.

மாடியில் நாங்கள் மூன்று பேர்.
எண்: 212.
கிடைத்த இடம்: கறிக்கடை வாசல்.
அளவு: மூன்றரை அடிக்கு ஒன்றேகால்.
காலம் என்ற கட்டத்தில்
பென்சில் தானாகப் போய் எழுதியது: மாலை நாலு.

"அது நேரமய்யா, காலமில்லை. அழியுங்கள்" என்றார் ஏகாம்பரம்.
ரப்பர்
மெகருன்னிசாவின் மேஜை இழுப்பறையில்.
சாவி
வரிசையில் நிற்கிறது.