வேன் காசு நோட்டு

கடைப் பாக்கி எழுதும் 555 நோட்டுதான்.
வந்தால் கோடு, வராவிட்டால் வட்டம்.
மாதக் கடைசியில் வட்டங்களைக் கழித்துவிடுவேன்,
ஏமாற்றுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

காலை ஐந்து ஐம்பது. செம்பனைக்குள்
என் விளக்கு மட்டும்.
இரண்டாவது லயத்தில் யுகேந்திரன், படிவம் மூன்று.
ஒரு ஹார்ன் போதும் முன்பெல்லாம்.
நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பின் இரண்டு.
பிறகு நானே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

வட்டங்கள் முதலில் தூறல் மாதிரி, அங்கொன்று இங்கொன்று.
பிறகு திங்கள்தோறும்.
பிறகு திங்களும் செவ்வாயும்.
அடிதடி போட்டுப் பிடித்த ஜன்னல் சீட்டை
ஒன்றாம் ஆண்டுப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டான்.
நல்ல குணம் வந்துவிட்டது என்று நினைத்தேன்,
மடச்சி.
சீட்டுக்கடியில் பிரிக்காத நாசி லெமாக்.
மூன்றாம் நாள் எறும்பு வந்து காட்டிக்கொடுத்தது.

"ராத்திரியெல்லாம் போன், வேறென்ன?" என்றாள் அவன் அம்மா.
கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிப்டு அவளுக்கு;
அவள் வரும்போது இவன் படுத்திருப்பான்.
பள்ளியில் ஏதோ கேள்வித்தாளாம்.
எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'யை வட்டமிட்டானாம்.
அவனும் வட்டம்தான் போட்டிருக்கிறான்.

இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.
டீசல் கணக்கு, டயர் கடன் எல்லாம் அதே பக்கத்தில் இருக்க
வெட்கத்தோடு நோட்டை நீட்டினேன்
கவுன்சலிங் டீச்சர் சிக்கு ரோஸ்னானியிடம்.

நிதானமாகப் புரட்டினார்.
யுகேந்திரனின் அம்மாவுக்கு அங்கேயே போன் போட்டார்;
வியாழன் கிளினிக்.
நான் எழுந்துவிட்டேன்.
அவர் நோட்டை மூடவில்லை.
விரல் கீழே நகர்ந்து நின்றது:
"இது யார்?"

ஹேமலோசனி. பதினாறு வயது.
ஒரு வட்டம்கூட இல்லை.
காய்ச்சலில் கண் சிவந்த வாரமும் கோடு,
பீடோர் ஆறு பெருகிப் பாதிப் பேர் வராத அன்றும் கோடு.
"தங்கமான பிள்ளை, பாக்கிகூடக் கிடையாது" என்றேன்.
"வீட்டில் ஒரு நாளாவது இருக்கிறாளா?" என்றார்.

மறுநாள் சிம்பாங்கில்,
எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள் வழக்கம்போல,
பையை நெஞ்சோடு அணைத்தபடி.
எத்தனை மணியிலிருந்து என்று
ஒரு நாளும் கேட்டதில்லை நான்.

எஞ்சினை நிறுத்தினேன்.
"ஏன், ஏன் அக்கா?" என்று பின்னால் பொடியன்கள்.
பக்கத்து சீட்டில் கிடந்த என் டிபன் பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டு
முன்கதவைத் திறந்தேன்.