பூட்டாத ஹப்

சித்திரை பத்து, பகல் ஒன்றரை.
திசையன்விளைப் பட்டறையில் ஸ்பானர் கை சுடுகிறது.
பொலிரோவின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன்,
நெஞ்சின் மேல் போன் அதிர்கிறது.
சுயம்புலிங்கம். பட்டாளத்து டிரைவர்.
போன லீவில் கியர்பெட்டி வேலைக்கு
மூவாயிரத்து இருநூறு பாக்கி வைத்துவிட்டு
ரயிலேறிப் போனவர்.

"உதுமான், சோஜிலா ஏத்தத்துல மாட்டிக்கிட்டேன் வே.
ஜிப்சி. போர் வீல் போட்டாச்சு.
நவுரமாட்டேங்குது."

அங்கே பனி.
நான் பனி பார்த்ததில்லை.
தேரி பார்த்திருக்கிறேன்.

"எந்தச் சக்கரம் சுத்துது?"
"நாலும்தான்."
"நாலும் சுத்தினா நீரு எனக்குப் போன் போடமாட்டீரு.
கூட ஆள் இருக்கா? எறங்கி நின்னு பாக்கச் சொல்லும்.
முட்டை மேல மிதிக்கிற மாதிரி மிதியும்."

காற்று இரைகிறது. தூரத்தில் ஓர் இந்திக் குரல்.
என்ஜின் முனகுவது கேட்கிறது,
அந்த முனகலில் பாதி பாரம்தான் இருக்கிறது.
முன் அச்சும் இழுத்தால்
ஜிப்சி வேறு மாதிரி அழும்.

"பின்னால எடது மட்டும் சுத்துதாம்.
மத்த மூணும் கல்லு."

"பனி பொடியா, களியா?
புடிச்சா உருண்டை வருதா?"
"கையுறைய கழத்த முடியாது வே. வெரலு போயிரும்."

எழுந்து பக்கத்துக் கலர்க்கடைக்கு நடந்தேன்.
லூர்துக்கனியின் ஐஸ் பெட்டியைத் திறந்து
உள்சுவரில் வளர்ந்திருந்த வெள்ளையை
நகத்தால் சுரண்டினேன்.
முதலில் மாவு.
மறு நொடி உள்ளங்கையில் வழுக்குகிற தண்ணீர்.
சக்கரமும் இதைத்தான் செய்கிறது போல:
சுற்றிச் சுற்றித் தன் சூட்டில்
தனக்குத் தானே எண்ணெய் ஊற்றிக்கொள்கிறது.

தேரி மணல் விலகும், குழி கொடுக்கும்,
வயிறு வரைக்கும் விழுங்கும்.
உருகிப் பொய் சொல்லாது.

"அண்ணாச்சி, பெட்டிய மூடும். பால் ஐஸ் எளகிரும்."

மூடினேன்.
"சுயம்பு, மிதிக்கிறத நிறுத்தும்.
முன்சக்கரத்து நடுவுல ஒரு குமிழ் இருக்கும்லா,
அதுல அம்பு எங்க நிக்கி?"

பனியில் பூட்ஸ் நடக்கும் சத்தம்.
முறுக்கைக் கடிப்பது போல இருக்கிறது.

"...ஃப்ரீல நிக்கி."
"ரெண்டுமா?"
"ரெண்டும்."

லிவர் போட்டாயிற்று,
ஷாப்டு சுற்றுகிறது, அச்சு சுற்றுகிறது,
சக்கரத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
சமையல் முடிந்த கல்யாண வீட்டில்
பந்திக்கு ஆள் கூப்பிடாத மாதிரி.

"லாக்குக்குத் திருப்பும்."
"திரும்பல. ஐஸ் கட்டியிருக்கு. சுத்தியல் எடுக்கட்டா?"
"சுத்தியல உம்ம மண்டையில போடும்.
பிளாஸ்க்குல டீ இருக்கா?"
"இருக்கு."
"குடிக்காதீரும். ஊத்தும்."

வலது திரும்பிவிட்டது.
இடது பாதியில் நின்று, முழு கோப்பையும் குடித்து,
அப்புறம் திரும்பியது.

"சைலன்சர் வாயில பனி அடைச்சிருக்கா பாரும்.
அடைச்சிருந்தா தோண்டாம வண்டிக்குள்ள உக்காராதீரும்.
கண்ணாடிய ஏத்திட்டு ஒறங்கினவன்
முழிக்கமாட்டான் வே."
அவர் பதில் சொல்லவில்லை.
மண்வெட்டிச் சத்தம் மட்டும், வெகு நேரம்.

"டயர்ல காத்து கொஞ்சம் எறக்கும்.
ரெண்டாவது கியர்.
ஹேண்ட் பிரேக்க ரெண்டு பல்லு பிடியும்.
ஓடுத கால பிடிச்சாத்தான்
நிக்குத கால் நடக்கும்."

இப்போது என்ஜின் அழுத அழுகை
முழுப் பாரத்தின் அழுகை.
பஞ்சாபிக்காரன் ஏதோ கத்தினான்,
சந்தோஷமா, எச்சரிக்கையா தெரியவில்லை.
லைன் அறுந்தது.

திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.
பொலிரோவின் அடியில் போய்ப் படுத்தேன்.
ஒரே நட்டை மூன்று தடவை முடுக்கினேன்.

ஆறு மணிக்கு ஒரு போட்டோ.
வெள்ளைக்குள் வண்டித் தடம் இரண்டு,
மேலேறி வளைந்து மறைகின்றன.
கீழே எழுதியிருந்தார்:
டீ வீணாப் போச்சு வே.

நான் எழுதினேன்:
மூவாயிரத்து இருநூறு.

ரெண்டு நீலக் கோடு.
அதற்குப் பிறகு
மலையில் சிக்னல் இல்லை போல.