பெற்றோர் கையொப்பம்

முக்கூடல் ஸ்கூலுக்குக்
கணக்கு டீச்சர் இல்லாம
ஆடியோட ஏழு மாசம்.
கூட்டத்துல ஹெச்.எம். சொல்லுதாரு:
"வீட்ல நீங்கதான் கவனிக்கணும்."

கவனிக்கேன் சார்.
எழுத்து தெரியாது, பக்கம் எண்ணுவேன்.
இருவத்தஞ்சு பீடி ஒரு கட்டு,
எட்டுப் பக்கம் ஒரு ராத்திரி.

போன வாரம்
பக்கம் எட்டும் சரியாத்தான் இருந்துச்சு.
எழுத்துதான் கொழுத்துக் கெடந்துச்சு.
"ஏட்டி முப்பிடாதி,
ஒன் எழுத்துக்கு ஆரு சோறு போட்டா?"
சிரிச்சிட்டா. நானும்.

களவைக் கண்டுபிடிச்சிருவேன் சார்.
கணக்கு தப்பான்னு சொல்ல
வேற ஆளு வேணும்லா?

அவரு பதில் சொல்லல,
நோட்டை நீட்டுனாரு.

கைநாட்டு வச்சேன்.
இலை வெட்டி வெட்டி
ரேகை தேஞ்ச பெருவிரலு.
மை மட்டும் விழுந்துச்சு,
அவ எழுத்து மாதிரியே
கொழுகொழுன்னு.