ஆறாவது வரிசை

எண்ணூர் விரைவுச்சாலையில்
எனக்கு முன்னால் நூற்றிப்பத்து டிரெய்லர்.
வண்டி கடைசியாக நகர்ந்தது காலை நாலரைக்கு,
ஒரு டீக்கடை தூரம்.

டேஷ்போர்டில் ஆரஞ்சு நூல்கண்டு.
ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே
பாதி முளைத்த பரங்கிக்காய்.

அறுபது தொப்பிக்கு ஆர்டர் பிடித்தவள் ரெஜினா.
நாற்பத்தொன்று முடித்த அன்றைக்குத்
தண்ணி லாரியடியில் குடத்தோடு சறுக்கி
மணிக்கட்டில் மாவுக்கட்டு.
"மிச்சத்த நீயே போடேன்,
லைன்ல சும்மாத்தான குந்திக்கினு கீற?"
கோபத்தில் சொன்னதுதான்.
நான் ஊசியைக் கேட்டதும்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

முதலில் ஒரு வளையம், அதற்குள் ஆறு கண்ணி.
அடுத்த வரிசையில் பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு.
வரிசைக்கு ஆறு கூட்டிக்கொண்டே போ,
அறுபது வந்ததும் கூட்டாதே, நேராக இறங்கு என்றாள்,
புது டிரைவருக்கு வழி சொல்வது மாதிரி.
பின்பக்கமாகக் குத்தி இழுத்தால்
காய்க்கு வரி விழும்.
உச்சியில் பச்சைக் காம்பு.
காம்போரம் கொடிக்குச் சங்கிலி இருபது,
திரும்பி வரும்போது
ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் மூன்றைத் திணி.
இடம் போதாமல் அது தானாகச் சுருளும்.
அது எனக்குப் புரிந்தது.
காலடிப்பேட்டையில் பத்துக்குப் பத்தில்
நாங்கள் நாலு பேர்.

எங்கேயோ ஒரு தேசத்தில்
இலையெல்லாம் இந்த நிறத்துக்கு மாறிக் கொட்டுமாம்.
அந்த மாசத்தில் பிறக்கும் பிள்ளைகளின் தலையில்
பரங்கிக்காயைக் கவிழ்த்துப் படம் எடுப்பார்களாம்.
மிண்ட் தெரு ஹன்ஸாபென் சொன்னது.
இங்கே ஆடி மாசம்.
வேப்பிலை தானாக உதிராது,
அம்மனுக்கென்று ஒடிப்பார்கள்.
தானாக உதிர்வது நிலக்கரித் தூள்தான்.
நூல்கண்டைப் பனியனுக்குள் வைத்துப் பின்னினேன்.

பின்வண்டி பழனியாண்டி, சேலத்துக்காரன்,
படியில் தொற்றி எட்டிப் பார்த்தான்.
"என்னண்ணே, எத்தனை மாசம்?"
சாலையே சிரித்தது.
சாயங்காலம் அதே பழனியாண்டி
இரண்டு கையையும் விலங்கு மாட்டக் கொடுத்தவன்போல நீட்டி
என் சிட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
நான் கண்டாகச் சுற்றினேன்.
அவன் தங்கச்சி கல்யாணக் கடன் முழுவதும்
அந்த நேரத்தில்தான் சொன்னான்.

ஆறாவது வரிசை, முப்பத்தாறாவது கண்ணி.
பின்னாலிருந்து ஹாரன்,
அதற்கும் பின்னாலிருந்து ஹாரன்.
மூன்று நாள் கிடந்த சாலை
ஒரே மூச்சில் நகர்கிறது.
ஊசியைப் பல்லில் கடித்தபடி
முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல்.
ஜீரோ கேட்டில் காகிதம் பார்த்தவர்
காகிதத்தை விட்டு என் வாயைப் பார்த்தார்.

பெட்டியை இறக்கி, மணலி யார்டில்
கேபின் விளக்கடியில் மறுபடி எடுத்தபோது
கை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.
கணக்கு கேட்டிலேயே நின்றுவிட்டது.
கூட்ட மறந்து நேராக இறங்கிவிட்டேன்.
வரி, காம்பு, கொடி எல்லாம் சுத்தம்.
பூனைக்குட்டிக்குக்கூடப் பத்தாது.

மூன்று வாரம், ஏழு நடை, பத்தொன்பது தொப்பி.
ஹன்ஸாபென் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார்.
டீசல் வாசம், இரண்டு தரம் அலசு என்றார்.
பதினெட்டை எடுத்துக்கொண்டு
ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டித் திருப்பிக் கொடுத்தார்.
முப்பத்தைந்து ரூபாய் பிடித்தம்.
ரெஜினா அதைப் பார்த்துவிட்டு
மாவுக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
கட்டு போட்டதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவி
சக்கரத்தடியில் வெள்ளைப் பூசணி நசுக்கியாயிற்று.
ஆரஞ்சுக் காய் கியர் தலையில் உட்கார்ந்திருக்கிறது,
அளவெடுத்தது மாதிரி.
எர்ணாவூர் பாலத்தடியில் கான்ஸ்டபிள் கேட்டார்,
இது என்னய்யா?
திருஷ்டி சார் என்றேன்.
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மழை பிடித்துவிட்டது.
முன்னால் எண்பது வண்டி.
நகரும்போதெல்லாம்
உள்ளங்கைக்குள்
முப்பத்தாறு கண்ணி.