ஐம்பத்திரண்டு விநாடி

பதினோரு நாளில் எடுத்து முடித்த படம்.
பன்னிரண்டாம் நாளுக்குப் பணமில்லை.
செட்டில் இருந்தது ஒரே படிக்கட்டு:
முதல் ரீலில் அது லாம்பெத் பக்கம் ஒரு மலிவு விடுதி,
மூன்றாவதில் காவல் நிலையம்,
ஐந்தாவதில், சுவரில் ஒரு மான்தலை ஏறியதும்,
பிரபு மாளிகை.
கைப்பிடியில் உடைந்த கம்பி மட்டும்
மூன்று இடத்திலும் உடைந்தே இருக்கிறது.

மூடுபனிக்கு எண்ணெய்ப் புகை.
இன்ஸ்பெக்டர் இருமுவது நடிப்பல்ல.
மழைக்கோட்டும் அவருடைய சொந்தக் கோட்டுதான்,
அதற்கு வாடகை கேட்டு வாங்கிவிட்டார்.

இருபத்து மூன்றாம் நிமிடம்.
அடகுக்கடைக்காரர் கம்பளத்தில் செத்துக் கிடக்கிறார்.
இன்ஸ்பெக்டர் குனிகிறார்.
வசனம் மறந்துபோய்
அணைந்த பைப்பை இரண்டு இழுப்பு இழுக்கிறார்.
பிறகு, "ஆறு மணி நேரமாகியிருக்கும்" என்கிறார்.
அதற்குள்
செத்தவரின் வெயிஸ்ட்கோட்டில் மூன்றாவது பொத்தான்
ஏறி
இறங்கிவிடுகிறது.

கன்டினியூட்டி பார்த்த பெண் எழுதிவைத்தாள்:
பிணம் மூச்சு விடுகிறது.
டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்தரையைத் தாண்டினால் லைட்காரர்களுக்கு இரட்டைக் கூலி.
"பெரிய படத்துக்கு முன்னால் ஓடப்போகிற சமாச்சாரம்.
அந்நேரம் சனம் இருட்டில் சீட்டுத் தேடிக்கொண்டிருக்கும்.
அடுத்த ஷாட்."

பிணத்தின் பெயர் லெஸ்டர் டாப்ஸெல்.
மற்ற நாட்களில் கேஸ் மீட்டர் கணக்கெடுப்பவர்.
முந்தின இரவு குளியல் தொட்டியில் முங்கிக் கிடந்து பழகினார்,
மேவிஸ் விளிம்பில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பார்த்தாள்.
ஐம்பத்திரண்டு விநாடி.
"அவனவன் வசனத்தை ஒழுங்காய்ப் படித்து வந்திருந்தால்
நான் செத்தே இருந்திருப்பேன்"
என்று அடுத்த முப்பது வருஷம்
மதுக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹேஸ்டிங்ஸ் ஆஸ்பத்திரியில்
அவர் நிஜமாகவே முடிந்தபோது
மேவிஸ் கீழே, மழையில்,
பார்க்கிங் இயந்திரம் துப்பிய நாணயத்தை
மறுபடி மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.
மேலே வந்ததும் நர்ஸ் சொன்னாள்,
நாலு நிமிடம் ஆயிற்று.

பெக்ஸ்ஹில்லில் இரண்டாம் மாடி.
ஒற்றைக் கம்பி சிவக்கும் ஹீட்டர்.
ஒரு மத்தியானம் டிவியில் போட்டதைப்
பக்கத்து வீட்டு டோரீனின் மகன் கேசட்டில் பிடித்துத் தந்தான்.
டோரீன் வந்தால் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்,
"ஐயோ, பிணத்தைப் பார், பிணத்தைப் பார்!"
மேவிஸும் சிரிக்கிறாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது.
டோரீன் போனபின்
டேப்பைப் பின்னால் ஓட்டுகிறாள்.

பொத்தான் ஏறுகிறது.
டேப் தேய்ந்து அந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன,
கம்பளத்தின் மேல் தூறல் மாதிரி.
இறங்குகிறது.
மறுபடி.

படம் மொத்தம் அறுபத்தோரு நிமிடம்.
லெஸ்டரைக் கொன்றது யாரென்று
அவளுக்கு இன்னும் தெரியாது.